சகலையின் சளி

நல்ல சளி கிடைப்பது அத்தனை சுலபமில்லை. பத்துப் பேரிடம் டப்பாவைக் கொடுத்து, நெஞ்சிலிருந்து காறித் துப்புங்கள் என்றால், ஏழு பேர் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டு, பெரிய காரியம் செய்த முகத்தோடு நீட்டுவார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் குட்டு உடைந்துவிடும். கன்னத்துச் செல்கள் மண்டிக்கிடக்கும். ‘இது எச்சில், மறுபடி வாங்கி அனுப்பவும்’ என்று எழுதித் திருப்பிவிடுவேன். ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை.

என் சகலை கொடுத்தது அப்பழுக்கில்லாத நல்ல சளி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். டைல்ஸ் கடையில் மேனேஜர். பேச்சைக் கேட்டால் ஊரில் உள்ள சுவரெல்லாம் அவர் தயவில் நிற்பதாகத் தோன்றும். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருந்தார்கள். குளிக்கும்போது அவர் பாடுவது, சாவியைக் காணோம் என்று பெண்டாட்டியிடம் கத்துவது, அது அவர் பையிலேயே கிடைப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். நானாகப் போய் ஒட்டுக்கேட்டதில்லை. குளியலறைக் குழாய் வழியாகத் தானாக மேலே வரும். குழாயில் காதை வைத்தால் இன்னும் தெளிவாக வரும்.

நாலு பேர் கூடிய இடத்தில் என்னைக் கண்டால், “வாங்க எச்சில் டாக்டரே, கையக் கழுவிட்டுத்தான வந்தீங்க?” என்பார். மாமனார் சிரிப்பார். என் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். பதினான்கு வருஷம். எனக்கு அதில் கோபமே கிடையாது. தன் மூக்கில் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத ஆள்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

உங்களுக்கும் தெரிந்திருக்காது. மூக்கில் ஒரு கிருமிக் கூட்டம், தொண்டையில் வேறொரு கூட்டம். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவை, வம்புதும்பு கிடையாது. வெளியாள் வந்தால் இடம் கொடுக்காமல் துரத்துவதும் அவைதான். நுரையீரல் மட்டும் சந்தடியில்லாத தெரு. அங்கேயும் நாலைந்து வந்துபோகும், தங்காது. மனிதர்களைவிட மானமான குடித்தனம். அதெல்லாம் போயும் போயும் அந்த ஆளின் மூக்கில் வந்து வாய்த்ததே என்றுதான் எனக்கு வருத்தம்.

காய்ச்சலும் இருமலுமாக எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். சளியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் பார்த்தால், வழக்கமான பொடிசுகளுக்கு நடுவே, கொழகொழவென்று ஒரு புதுக்கூட்டம் பாதித் தட்டை அடைத்து உட்கார்ந்திருந்தது. மூன்று பேருக்கான சோபாவில் சகலை ஒருவராக அடைத்து உட்காருவாரே, அதே மாதிரி. எந்த மருந்துக்குச் சாகும் என்று மருந்து தோய்த்த வில்லைகளை அதன்மேல் வைத்தும் பார்த்தேன். வேலையில் அரைகுறை எனக்குப் பிடிக்காது. வார்டில் ஏற்றிக்கொண்டிருந்த மருந்து அதற்குத் தண்ணீர். இன்னொரு மருந்துக்குச் சுருண்டுபோனது.

‘வழக்கமான தொண்டைக் கிருமிகள் மட்டும் வளர்ந்தன’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவையும் வளரத்தானே செய்தன. வார்டு டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பழைய மருந்தையே தொடர்ந்தார்.

கொழுந்தியாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான், இன்னும் மூச்சு வாங்குது. வெளிய வேற லேப்ல ஒருதடவ குடுத்துப் பாக்கலாமா?”

“எதுக்கும்மா அலைச்சல்? நானே என் கண்ணால பாத்தேன். ஒண்ணுமில்ல.”

“நீங்க பாத்தா சரிதான். அவர் வாய்தான் அப்படி. நேத்துகூட, ‘நம்ம டாக்டர் பாத்துக்குவார், விடு’ன்னார்.”

அவர் ‘எச்சில் டாக்டர்’ என்றுதான் சொல்லியிருப்பார். அவள் மரியாதைக்காக முதல் சொல்லை விழுங்கிவிட்டாள். எனக்குத் தெரியாதா?

ஆறாம் நாள் போய்விட்டார். சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டதெல்லாம் நான்தான். இப்போது குழாயில் அழுகை மட்டும்தான் வருகிறது. சுவாரசியமில்லை.

ஐந்து மாதம் கழித்து லேப் டாக்டரம்மா ஃப்ரிட்ஜை ஒழுங்குபடுத்தப் போய், மூன்றாவது அடுக்கில் சகலை பெயர் எழுதிய தட்டை எடுத்துவிட்டார். தேதி மட்டும் போன வாரத்துடையது. பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதனால்தான் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பழிவாங்கினாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பகை இருப்பவன் அவர் நெஞ்சிலிருந்து வந்த கிருமியை இப்படிப் பார்த்துக்கொள்வானா? வாராவாரம் வியாழக்கிழமை, ஒருநாள்கூடத் தவறாமல், புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்திருக்கிறேன்.

மற்றபடி, தெரிந்துதான் எழுதினேன். தெரிந்துதான் சாகவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று. நீங்கள் எடுத்துவந்த தட்டு எங்கே இருக்கிறது? இன்று வியாழன். மாற்றாமல் விட்டால் செத்துவிடும். ஓர் உயிர் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு மனசு வராது.