வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

— மகனையும் சேர்த்து எழுதுங்க டீச்சர். அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. எங்களோட சேர்த்து ஆறு.

— அவங்க பட்டணத்துல இருக்காங்களேய்யா. இன்னைக்கு ராத்திரி யார் எந்த வீட்ல தூங்குறாங்களோ, அந்த வீட்டுக் கணக்குலதான் வருவாங்க. மக்கள்தொகைக்கு அதுதான் விதி.

— விதியாவது ஒண்ணாவது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு நிறைய ஆளு. நம்ம பக்கம் பிழைக்கப் போனதுங்க போக கிழடு கட்டைதான் மிச்சம். இப்படியே போனா அடுத்த தேர்தல்ல ஊரு அவனுங்க கைக்குப் போயிடும்.

— போகட்டுமே. இத்தனை வருஷம் நம்ம கையில இருந்து என்னத்தைக் கிழிச்சுது? தெருவிளக்கு கூட எரியலை.

— நீ அடுப்பைப் பாரு, போ.

— அம்மா கொஞ்சம் இருக்கட்டும்ங்க, அடுத்த கேள்வி அவங்களுக்குத்தான். அம்மா, உங்களுக்குப் பிறந்த பிள்ளைங்க எத்தனை?

— ரெண்டு. மூத்தவன் மகன், அடுத்தது மகள்.

— இப்ப உயிரோட இருக்கிறது?

— அவளை என்ன கேக்குறது, நான் சொல்றேன். ஒண்ணு. எழுதிக்குங்க டீச்சர், மகள் செத்துப்போச்சு.

— செத்தவதான் நேத்து மாவு மில்லுல எனக்கு முன்னாடி நின்னாளா?

— ஏய்.

— என்ன ஏய்? தோள்ல பிள்ளை வேற. அது என்னைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்குது. நான் ஒரு வார்த்தை பேசினா உங்க கௌரவம் போயிடும்னு, பெத்த மகளோட முதுகைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டு வந்தேன். ராத்திரி முழுக்க நெஞ்சு ஆறலை.

— அந்தப் பக்கத்துக்காரனைக் கட்டிக்கிட்டுப் போனாளே, அன்னைக்கே தலைமுழுகியாச்சு.

— முழுகினது நீங்க. இடுப்பு ஒடிஞ்சு பெத்தது நான். உங்க வீம்புக்கு என் பிள்ளையைச் சாகடிப்பீங்களா?

— நாலு பேருக்கு முன்னாடி என்ன பேச்சு இது?

— இங்க டீச்சர் ஒருத்திதான் இருக்கா. நாலு பேரு இருந்தாலும் இதையேதான் சொல்வேன். எழுதும்மா. பிறந்தது ரெண்டு, இருக்கிறதும் ரெண்டு.

— எழுதிட்டேம்மா.

— அழிங்க அதை.

— அம்மா சொன்னதை நான் மாத்த முடியாதுங்கய்யா. அதுவுமில்லாம, போன மாசம் வீட்டு நம்பர் போட உங்க மக வீட்டுக்கும் போனேன். அந்தப் பொண்ணு முதல்ல கேட்டதே, "எங்கம்மாவைப் பார்த்தீங்களா, முட்டிவலி தேவலையா"ன்னுதான்.

— கேட்டாளா?

— கேட்டுச்சும்மா.

— இந்தா, ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒரே பேச்சு. அவ உயிரோட இருக்கான்னு சொல்றவளுக்கு இந்த வீட்ல இடம் இல்லை.

— சரி. டீச்சர், இங்க முடிச்சுட்டு அங்கதானே போறே?

— ஆமாம்மா.

— எதுக்குடி கேக்குறே? சேலையை ஏன் மடிக்கிறே? ஏய், உன்னைத்தான்.

— உங்களுக்கு ஆளு எண்ணிக்கைதானே கவலை? இந்தப் பக்கம் ஒண்ணு குறைச்சுக்கோ டீச்சர், அந்தப் பக்கம் ஒண்ணு கூட்டிக்கோ. இன்னைக்கு ராத்திரி நான் என் மக வீட்லதான் தூங்குறேன்.