வெயில் சிகிச்சை

“ரெண்டு மாசமா வெயில்ல நிக்கிறேன்க்கா, இன்னும் முடி கொட்டிக்கினுதான் கீது.”

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில் என் எதிர் இருக்கையில் இரண்டு தொழிற்சாலைப் பெண்கள். சொன்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மூத்தவள் நாஷ்டா டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

“வெயில்ல இன்னாத்துக்குடி நிக்கிற?”

“டாக்டர்தான் சொன்னாரு. ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் கம்மியாம். முடி கொட்றதுக்கு அதுவும் ஒரு காரணமாம். டெய்லி கொஞ்ச நேரம் வெயில் படணுமாம். சாப்பாட்டு பெல் அடிச்சா கம்பெனி கேட்டாண்ட போய் நின்னுடுவேன்.”

“எப்டி நிப்ப?”

“தலை, மூஞ்சி எல்லாம் ஷால் சுத்திக்குவேன். கைக்கு கிளவுஸ் போட்டுக்குவேன். தை மாசம் கல்யாணத்த வெச்சிக்கினு கறுத்துப் போவ சொல்றியா?”

மூத்தவள் இட்லியைப் பிட்டபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

“கண்ணாண்ட மட்டும் தொறந்து இருக்குமா?”

“ஆமா.”

“அதான் புருவம் மட்டும் கொட்டாம கீது.”

இளையவள் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ரயில் நின்றது. ஷாலை எடுத்து முகத்தைச் சுற்றியபடி எழுந்தாள்.

“அப்போ டாக்டர் சொன்னது கரெக்ட்டுதான்க்கா.”