கண்ணாடி ஊதும் மாப்பிள்ளை

உடையார்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் நீலக் கண்ணாடிக் குடுவை. அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவன் கொடுத்தது.

“மாப்ள கண்ணாடி ஊதுறவராம் அக்கா. நெருப்புல கண்ணாடியை உருக்கி, ஊதி சாமான் செய்வாராம். பாண்டிச்சேரியில பட்டறை. இப்ப அதுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்காம்.”

“ஊதுறதெல்லாம் ஒரு வேலையா? கடையில வாங்கியிருப்பான்.”

“அவரே ஊதுனதாம். பாருங்களேன்.”

மூத்தவள் குடுவையைக் கவிழ்த்து அடியைத் தடவினாள். “சொரசொரன்னு இருக்கு. கையில செஞ்சதுதான்.”

“அப்ப சரிதானே?”

முந்திரி வறுத்துக் கறுத்த தன் விரல்களை மூத்தவள் விரித்துக் காட்டினாள். “நெருப்புகிட்ட நிக்கிற கை இப்படித்தான் இருக்கும். உன் மாப்ள காபி டம்ளர் சுடுதுன்னு கைக்குட்டையைச் சுத்திப் புடிச்சானே, பாத்தியா?”