காலியாக வந்த கட்டம்

பூவம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "காலியா வந்தத நான்தான்க்கா இல்லன்னு மாத்துனேன்."

"எதை?"

"ஆஸ்பத்திரிக்கு எழுதுன ப்ரோக்ராம்ல. ஊசி ஒத்துக்காம போயிருக்காங்குற கட்டம் சிலருக்குக் காலியா வந்துச்சு. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் ப்ரோக்ராம் ஏத்துக்கும். காலியா இருந்தா இல்லன்னு எடுத்துக்கன்னு எழுதிட்டேன்."

"அதனால?"

"அப்படிக் காலியா வந்த ஒரு அம்மாவுக்கு, ஒத்துக்காத ஊசியவே போட்டுட்டாங்க. பொழைக்கல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நர்ஸும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"காலியா இருந்திருந்தா கேட்டிருப்பாங்கக்கா. ஸ்கிரீன்ல இல்லன்னு இருந்துச்சே."

அக்கா பிடித்த கையை விடவில்லை.

"இப்ப சரி பண்ணிட்டியாம்மா?"

"அன்னிக்கே. இப்ப காலியா வந்தா ப்ரோக்ராம் நின்னு, நோயாளியக் கேக்கச் சொல்லும்," என்றாள். "அதுக்கு ப்ரோக்ராம்ல ரெண்டே வரிதான்க்கா."