கேப்டன் பெலார்மினோவின் கொடி விளக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் கப்பல் கம்பெனித் தலைவர் அவர்களே, மாலுமிகள் சங்கத் தோழர்களே, கேப்டனின் துணைவியார் தோனா இதலீனா அவர்களே, சாந்தோஸ் துறைமுகத்து மக்களே!

கேப்டன் பெலார்மினோ ஃபொன்டோரா எனக்கு நான்கு ஆண்டு பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு முன்னால் கேப்டன் ஆனவர். அதை நான் மறக்கவில்லை. ஆறு ஆண்டு அவருக்குக் கீழே முதல் அதிகாரியாக இருந்தேன். அவரைப் பற்றி இங்கே பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை.

கப்பலை அவர் போல் நேசித்தவர் யார்? ஐரோப்பாவில் போர் தொடங்கியதும், எந்தப் பக்கமும் சேராத நம் நாட்டின் பச்சை மஞ்சள் கொடியைக் கப்பலின் இரு பக்கமும் பெரிதாக வரையச் சொன்னார். உப்புக்காற்று அரித்தால் தானே தொங்குபலகையில் இறங்கித் தூரிகை பிடிப்பார். பொழுது சாய்ந்ததும் கொடிமேல் விளக்கு எரிய வேண்டும்.

"நாம யாருக்கும் எதிரி இல்ல, அன்செல்மோ. அது நல்லா தெரியட்டும்."

"உள்ள இருக்கிற காப்பி பிரெஞ்சுக்காரனுக்குப் போகுது. அதுவும் தெரியுமே, கேப்டன்."

"யோவ், காப்பி என்ன வெடிமருந்தா?"

"காப்பி இல்லாம எந்தச் சிப்பாய் விடியக்காலம் பதுங்குகுழில உக்காருவான்?"

"இந்த வாய்தான்யா உன்னைக் கேப்டன் ஆக விடல!" என்று சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

சென்ற மாதம், பிரெஞ்சுக் கரையருகே, அந்தி நேரத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியின் முதல் டார்பிடோ தாக்கியது. படகுகளை இறக்கினோம். அதிர்ச்சியில் இடப்பக்க விளக்கு அணைந்திருந்தது.

"கொடி தெரியாம அடிச்சிட்டான்! விளக்கைப் போட்டுட்டு வரேன்!"

"தெரிஞ்சுதான் அடிச்சான், இறங்குங்க!" என்று கத்தினேன்.

அவர் மேலே போனார். விளக்கு எரிந்தது. பச்சையும் மஞ்சளும் படகிலிருந்து துலக்கமாகத் தெரிந்தன. இரண்டாவது டார்பிடோ அந்தக் கொடிக்கு நேர் கீழே பாய்ந்தது.

நம்மைப் போன்ற நாடு ஏன் போருக்குள் இழுக்கப்படுகிறது? கொடிக்கு அவமானம் என்கிறார்கள். நான் பார்த்தது வேறு. ஜெர்மானியனும் நம் காப்பியைக் கேட்டான். அவன் துறைமுகத்துக்குப் போகும் வழியை ஆங்கிலேயன் அடைத்திருந்தான். திறந்திருந்த பக்கத்துக்கு மட்டும் விற்றோம். விற்றுக்கொண்டே, இரு பக்கத்துக்கும் பொதுவானவர்கள் என்று விளக்குப் போட்டோம். அதை முழுமனதாக நம்பியவர் ஒருவர்தான்! அவரும் போய்விட்டார்.

நேற்று கம்பெனி என்னைக் கேப்டன் ஆக்கியது. மறுக்கவில்லை. திங்கட்கிழமை வேறு கப்பலில், அதே சரக்கோடு அதே கரைக்குப் போகிறேன். அவர் பணி தொடரும் என்று உறுதி சொல்கிறேன். பக்கவாட்டில் கொடி இராது, விளக்கு இராது. கடலில் கண்ணுக்குத் தெரியாதபடி சாம்பல் வண்ணம் அடிக்க ஆணை வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. கூட்ட முடிவில், நம் அரசு போர் அறிவிக்க வேண்டும் என்று கேப்டன் பெலார்மினோவின் பெயரால் ஒரு தீர்மானம் வரப்போகிறது. வாசலில் தோனா இதலீனா என்னிடம் சொன்னார்: "அவரு யாரையும் பழிவாங்கச் சொல்ற ஆளில்ல. அவரு பேரை அதுல போட வேணாம்னு சொல்லுங்க."

தீர்மானம் நிறைவேறும், எனக்குத் தெரியும். அவர் பெயரை அடித்துவிடுங்கள். ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பகை உண்டு. அவருக்கு யார் மீதும் இருந்ததில்லை.