நாலாவது திரை

இப்போது வரும் லேப்டாப்களில் எதையும் சொருக இடமே வைப்பதில்லை, மேடம். மெல்லியதாக இருக்க வேண்டுமாம். என் மகள் ஜெரூஷாவுடையதில் மானிட்டர் மாட்ட ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி, அவ்வளவுதான். அவளுக்கோ கூடுதலாக இரண்டு மானிட்டர் தேவைப்பட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். ஒரு திரையில் ஆஸ்பத்திரி பில், இன்னொன்றில் பாலிசி, லேப்டாப்பில் மீட்டிங்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தாம்பரத்துக் கடைக்காரர் பல வயர்களைச் சொருகும் ஒரு மலிவான ஹப்பை எடுத்து நீட்டினார். "இதுல மாட்டினா ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம்தான் வரும் தம்பி" என்று சொல்லி, நல்ல டாக் ஒன்றை எடுத்து வந்தேன். டைப்-சியில் அதைச் சொருகினால் மறுபக்கம் இரண்டு எச்டிஎம்ஐ கிடைக்கும். லேப்டாப்பில் ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்தால் மூன்று மானிட்டர் மாட்டலாம். அவளுக்கு வேண்டியது இரண்டு. ஓர் இடம் சும்மா கிடந்தது.

மாட்டிக் கொடுத்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மம்மி, நீ சூப்பர்!" சிட்லபாக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு இப்படி ஓர் அம்மா இருப்பாள், சொல்லுங்கள்.

அந்த வாரம்தான் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த காலேப் வீட்டார் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார்கள். நல்ல பையன், ஓசூரில் வேலை. கல்யாணம் முடிந்ததும் இவளும் அங்கே போய்விடுவாள் என்று எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு இவள் ஒருத்தி. அவள் அப்பா இல்லை. வந்தவர்களுக்குக் கேசரி செய்து பரிமாறினேன்.

அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே சுவர். ஏசி குழாய்க்காகப் போட்ட துளையில் ஒரு கேபிள் தாராளமாக நுழையும். அவள் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, டாக்கில் மீதமிருந்த இடத்திலிருந்து என் அலமாரிக்குள் இருந்த பழைய மானிட்டருக்கு ஒரு கேபிளை இழுத்தேன். செட்டிங்ஸில் அதை வலது ஓரத்தில் வைத்தேன். கூடவே ஒரு வயர்லெஸ் மவுஸையும் அதே டாக்கில் இணைத்து என்னிடம் வைத்துக்கொண்டேன்.

அது எப்படி வேலை செய்யும் என்றால், மேடம், லேப்டாப் நாலு திரை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அவள் ஒரு ஃபைலைக் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளினால் போதும், அது என் அலமாரிக்குள் வந்துவிடும். அவள் தேடுவாள். நான் சேவ் செய்யாமல் மூடிவிடுவேன்.

"மம்மி, இப்பதான் திறந்து வச்சேன். காணோம்."

"திறந்தியா, திறக்கணும்னு நினைச்சியா? யோசிச்சுப் பாரு கண்ணு."

அவள் யோசிப்பாள். சின்ன வயதிலிருந்தே சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி, தூக்கமில்லை என்று நானே விவரமாகச் சொன்னேன். இரவுக்கு மட்டும் ஒரு லேசான மாத்திரை எழுதினார். லேசானதுதானே என்று காலைக் காபியிலும் ஒன்று கரைத்தேன். அதன்பிறகு மீட்டிங்கில் பேச்சு குழறியது. வேலையை விட்டாள். காலேப்புக்கு நானே போன் செய்தேன். "அவளுக்கு மனசு சரியில்ல தம்பி. மறைச்சுக் கல்யாணம் பண்ணக் கூடாது, பாருங்க." உண்மையைச் சொன்னதற்கு அவன் நன்றி சொன்னான். நிச்சயதார்த்த மோதிரம் கூரியரில் திரும்பி வந்தது.

பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? நான் தலை வாரிவிடுவேன், அவள் உட்கார்ந்திருப்பாள். மாலையில் கையைப் பிடித்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவேன்.

கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி வாங்க அவளோடு வேலை பார்த்த சிநேகிதி அபிகாயில் பல்லாவரத்திலிருந்து வந்தாள். கேபிள்களைக் கழற்றுமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தாள். ஒவ்வொரு திரையிலும் அதன் எண்ணைக் காட்டும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று தெரிந்தன.

"ஆன்ட்டி, செட்டிங்ஸ்ல நாலு திரைன்னு காட்டுதே. நாலாவது மானிட்டர் எங்க இருக்கு?"

கெட்டிக்காரப் பெண். டாக்கிலிருந்து கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே சுவர்வரை போய்விட்டாள். பிறகு என் அறைக்குள் வந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே அந்த நாலாவது திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஜெரூஷாவும் வந்து நின்றாள்.

ஆமாம் இன்ஸ்பெக்டர் மேடம், எல்லாம் நான்தான் செய்தேன். கேபிள், மவுஸ், காபி, போன், எல்லாம். யாரும் தூண்டவில்லை. ரத்தப் பரிசோதனையில் மாத்திரை எவ்வளவு இருந்தது என்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். என் பிள்ளை என்னோடு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

ஆனால் ஒன்றை என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதவே இல்லை. ஜெரூஷா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் திரையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அபிகாயிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா அபி? நான் நல்லாத்தான் இருக்கேனா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், மேடம். கண்ணீர் வழிய, விட்டுவிட்டுச் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தன்றுகூட அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம் இல்லை.

அதை அவளுக்குக் கொடுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.