சொன்னவர், எழுதியவர்

ஓவியர்கள் கேட்கிற கேள்விகள்தான் ஐயா சுவாரசியமாக இருக்கும். "என் படத்தை அப்படியே வரைஞ்சுட்டு வானத்துக்கு மட்டும் வேற கலர் அடிச்சிருக்கான், விடலாமா?" என்பார்கள். விடக் கூடாது என்பேன். படைப்பாளிகள் சங்கத்தில் புதன்கிழமைதோறும் பதிப்புரிமை பற்றிப் பதில் சொல்வது என் வேலை. பதிவு செய்தால்தான் உரிமை வருமா? இல்லை, எழுதி முடித்த கணமே வந்துவிடும். தலைப்புக்கு உரிமை உண்டா? கிடையாது. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதினால் யாருக்கு உரிமை என்றும் கேட்பார்கள். சொன்னவருக்குத்தான். எழுதியது வெறும் கை. வாய் கூசாமல் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது அவளுடைய நாவல் பாதியில் நின்றது. மீதியை அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஆகும். வார்த்தைகள் அவள் வாயில் இடம் மாறிவிடும். நாளைக்கு என்பதற்கு நேற்று என்பாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. படைப்பாளியின் சொல்லில் கை வைப்பது தப்பு. "நேற்று வருவான்" என்று அப்படியே அச்சாயிற்று. படித்தவர்கள் அதைப் புது உத்தி என்று கொண்டாடினார்கள்.

அட்டையில் என் பெயர் இருந்தது.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. முழு நாவலையும் நான்தான் என் கையால் பிரதி எழுதிக் கொண்டுபோனேன். பதிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதினதா சார்?" என்றார். கையெழுத்து என்னுடையதுதானே. ஆமாம் என்றேன். நானும் இருபது வருஷம் எழுதிப் பார்த்தவன், ஐயா. ஒன்றும் தேறவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான். அதன் பிறகு உண்மையைச் சொல்ல எந்த நாளும் தோதாக அமையவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஓர் அம்மாள் வந்தார். தம்பி எழுதியது என்றால் சந்தோஷப்படுவாள் என்று, பாவம், அந்தப் புத்தகத்தை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். அக்கா இடது கையால் அட்டையைப் பிடித்து இழுத்து ஒரே வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னுது. என்னுது."

"என்ன சார் சொல்றாங்க? புத்தகம் அவங்களுதுங்கிறாங்களா?"

"அவளுக்குத்தான் வார்த்தை மாறுமேம்மா. தண்ணி கேக்குறா. குடுங்க."

சாதாரணத் தண்ணீர் ஒரு மடக்குகூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும், எதையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அக்கா புரையேறி இருமினாள். கண்ணீர் வழிய என்னையே பார்த்தாள். முதுகைத் தடவிவிட்டேன். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றால், பிறகு அவள் என்னதான் கேட்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்பாரே, என்னவென்று சொல்வேன்?

அதற்கப்புறம் எட்டு நாள். அவள் "என்னுது" என்ற போதெல்லாம் அந்த அம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கடைசி இரண்டு நாள் மூச்சு வாங்கியது. அப்போதும் அதையேதான் சொன்னாள். கேட்கச் சகிக்கவில்லை, ஐயா. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

படைப்பாளி இறந்துவிட்டால் உரிமை வாரிசுக்குப் போகும். அக்காவுக்கு என்னை விட்டால் வேறு யாருமில்லை. அதனால் எப்படிப் பார்த்தாலும் அந்த நாவல் இப்போது எனக்குத்தான்.

கொன்றவனுக்கும் வாரிசுரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை, ஐயா. அவள் தண்ணீர் கேட்டாள். கொடுக்கச் சொன்னேன்.